செம்மறியாடும் வெயிலும்: துணைத்தீவனம் அளிக்கும் முறை

இன்று மாடமாளிகைகளும் தொழிற்சாலைகளும் நிறைந்து விளங்கும் பெட்டாலிங் ஜெயா, 1950ஆம் ஆண்டுகளின் தொடக்கம் வரை எஃபிங்ஹாம் தோட்டம் என்னும் ரப்பர்த் தோட்டமாக இருந்தது. அந்நகருக்கு அண்மையிலுள்ள சுங்கை பூலோவில் ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தின் சோதனை நிலையம் அமைந்திருந்தது. 1925இல் தோன்றி, 1998 முதல் மலேசிய ரப்பர் வாரியத்தில் இணைந்துவிட்ட அக்கழகம், 1970, 1980ஆம் ஆண்டுகளில் பால்மரங்களுக்கிடையே செம்மறியாடு வளர்ப்பதை ஆராய்ந்து ஊக்குவித்தது. ஆடு களையை மேயும்; களையெடுக்கும் செலவு குறையும்; எரு நிலத்திற்குச் சேரும்; இறைச்சியும் கிடைக்கும். ஒரு செலவில் நான்கு பயன் என்பதே இதன் கருத்து.

ஆயினும் மரம் வளர வளர நிழல் அடர்கின்றது. நிழல் அடர அடரக் கீழுள்ள புல்லும் கொடியும் குறைகின்றன. அப்பொழுது மேய்ச்சல் மட்டும் ஆட்டிற்குப் போதாது; துணைத்தீவனம் தேவைப்படுகின்றது. அதனை எப்பொழுது, எவ்வளவு, எவ்வாறு அளிப்பது என்பதே இன்றைய பாடம்.

ஆடு வெப்பத்தைத் தாங்குவது எவ்வாறு?

நலமுள்ள செம்மறியின் உடல் வெப்பம் ஏறத்தாழ 39 பாகை செல்சியஸ் ஆகும். மனிதரைப் போல் வியர்த்து வெப்பத்தைத் தணித்துக் கொள்ளும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆதலின் விரைவாக மூச்சு வாங்கி, மூச்சின் ஈரத்தோடு வெப்பத்தை வெளியேற்றுகின்றது. நம் நாட்டுக் காற்றிலோ ஈரம் மிகுதி. ஈரக் காற்றில் இம்முறை எளிதில் பயன் தருவதில்லை. உள்நாட்டு மாலின் இன ஆடுகள் இச்சூழலுக்குப் பழகியவை. அடர்ந்த கம்பளி கொண்ட டோர்செட் இனமும் அதன் கலப்பினங்களும் விரைவில் இளைக்கும்.

அமைதியாகப் படுத்திருக்கும் ஆடு நிமிடத்திற்குச் சுமார் 20 முதல் 30 முறை மூச்சு விடும். அரை நிமிடம் அதன் விலாவை நோக்கி எண்ணி, இரண்டால் பெருக்குக. எண்ணிக்கை 100ஐத் தாண்டினால் ஆடு துன்புறுகின்றது என்று அறிக. வாயைத் திறந்து இளைக்குமாயின் ஆபத்து நெருங்கிவிட்டது.

தீவனமே வெப்பம் தரும்

வெப்பம் வெளியிலிருந்து மட்டும் வருவதன்று. உண்ட உணவு முதல் இரைப்பையில் புளித்துச் செரிக்கும்பொழுதும் வெப்பம் பிறக்கின்றது. நார் மிகுந்த முற்றிய புல், தான் தரும் சத்தினை நோக்க மிகுதியான வெப்பத்தை உண்டாக்கும். சத்து மிகுந்த துணைத்தீவனம் குறைந்த அளவிலேயே பசியாற்றும். அதனை உண்ட ஆடு வெயிலில் நெடுநேரம் அலைய வேண்டுவதில்லை. நிழலில் படுத்து அசைபோடும்.

எனினும் நண்பகலில் வயிறு நிறையத் தீவனம் இட்டால், வெளி வெப்பமும் உள் வெப்பமும் ஒன்றுசேர்ந்து ஆட்டினை வாட்டும். மாலையில் கொட்டகையில் இட்டால், செரிமான வெப்பம் குளிர்ந்த இரவில் எளிதாக வெளியேறும்.

ஆட்டின் நடத்தை கூறும் செய்தி

வெயில் ஏறும்பொழுது ஆடுகள் மேய்ச்சலை நிறுத்தி நிழலில் ஒதுங்குவது இயற்கை. அவற்றை விரட்டி மேய்க்கலாகாது. காலையில் பனி உலர்ந்த பின்னும், பிற்பகலில் வெயில் தணிந்த பின்னும் மேய விடுக. மேயாமல் தொட்டியருகே கூடிக் கத்திக்கொண்டிருந்தால், துணைத்தீவனம் அளவு மீறிவிட்டது எனலாம். அப்பொழுது களை அப்படியே நிற்கும். தீவனச் செலவும் ஏறும். வலிய ஆடு மெலிந்ததை முட்டித் தள்ளுமாயின், எல்லா ஆடுகளும் ஒரே நேரத்தில் உண்ணத்தக்க நீளமுள்ள தொட்டி அமைக்க வேண்டும்.

செம்பனைப் பிண்ணாக்கில் ஓர் எச்சரிக்கை

நம் நாட்டில் எளிதில் கிடைக்கும் தீவனம் செம்பனைக் கொட்டைப் பிண்ணாக்கு. மாட்டிற்கு அது நல்லுணவு. செம்மறிக்கோ, அதனையே முதன்மை உணவாக மாதக்கணக்கில் இட்டால் அது நஞ்சாக மாறும். அதிலுள்ள செம்புச் சத்து ஆட்டின் ஈரலில் சிறிது சிறிதாகச் சேர்கின்றது. வெளியே எக்குறியும் தெரிவதில்லை. பின்னர் ஒருநாள், கடும் வெயிலோ நெடும் பயணமோ ஆட்டினை வாட்டும் வேளையில், சேர்ந்த செம்பு இரத்தத்தில் கலக்கின்றது. கண்கள் மஞ்சளாகும், சிறுநீர் கருஞ்சிவப்பாகும், கொழுத்து நின்ற ஆடு ஓரிரு நாளில் மடியும். பிள்ளையின் பள்ளிச் செலவுக்கென்று வளர்த்த ஆடு இவ்வாறு வீழ்வது, ஒரு குடும்பத்தின் சேமிப்பே வீழ்வதாகும். இக்குறிகளைக் கண்டவுடன் பிண்ணாக்கை நிறுத்திக் கால்நடை மருத்துவரை நாடுக.

கடைப்பிடிக்க வேண்டியவை

1. 30 கிலோ எடையுள்ள ஆட்டிற்கு நாளொன்றுக்கு 300 கிராம் அளவில் துணைத்தீவனத்தை நிறுத்துக. பிண்ணாக்கு அதில் ஒரு பகுதியாக மட்டும் இருக்கட்டும். தவிடு, உலர்த்திய மரவள்ளி முதலியவற்றையும் கலந்திடுக.

2. புதிய தீவனத்தைத் திடீரென்று மிகுதியாக இடாமல், ஒரு வாரத்திற்கு மேலாகச் சிறிது சிறிதாகக் கூட்டுக.

3. தூய நீர் எந்நேரமும் நிழலில் இருத்தல் வேண்டும்.

4. தாது உப்புக் கட்டி வாங்கும்பொழுது செம்மறிக்கு உரியதா என்று கேட்டு வாங்குக. மாட்டிற்கு உரியதில் செம்பு மிகுதி.

5. கம்பளி அடர்ந்த ஆடுகளுக்கு உரிய காலத்தில் உரோமம் கத்தரிக்க.

2016ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் கடும் வெயிலால் கெடா, பெர்லிஸ் மாநிலங்களில் பள்ளிகள் மூடப்பட்டதை வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகளை வீட்டில் இருத்திக் காத்த அந்நாள்களில், வாயில்லா உயிர்களுக்கும் நிழலும் நீரும் அவ்வாறே தேவைப்பட்டன. அத்தகைய வெயில் மீண்டும் வரும்.

சிந்தனைக்குச் சில வினாக்கள்

1. துணைத்தீவனத்தை நண்பகலில் இடலாகாது என்பது ஏன்?
2. ஆடு மேயாமல் தொட்டியருகே நிற்பது எதனைக் காட்டுகின்றது?
3. மாட்டிற்கு நலமான பிண்ணாக்கு செம்மறிக்குத் தீங்காவது எவ்வாறு?

இவ்வினாக்களைப் பிள்ளைகளிடமும் கேட்டுப் பார்க்க. மாலையில் தொட்டி நிரப்புவோர் பெரும்பாலும் அவர்களே அல்லரோ?