சத்து மாத்திரையும் மருந்துதான்

2019-21இல் எடுத்த தேசிய குடும்ப நல ஆய்வின்படி, கர்நாடகத்தில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 47.8 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் 53.4. இந்தியா முழுவதும் பார்த்தால் 57. பெங்களூரில் இரும்பு மாத்திரைக்குப் பஞ்சமில்லை, விழுங்குவதில்தான் சிக்கல். ஆஷா ஊழியர் கொடுத்த சிவப்பு மாத்திரையை நாலு நாள் போட்டுப் பார்த்துவிட்டு, "வயிறு ஒத்துக்கலை" என்று நிறுத்தியவர்கள் அல்சூரிலும் ஸ்ரீராமபுரத்திலும் தெருவுக்குத் தெரு உண்டு. ஒயிட்ஃபீல்டு அடுக்குமாடிகளில் கதை நேர்மாறு. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப் போகிறார்கள். மறுநாள் கைப்பேசியில் அறிக்கை வருகிறது. அதில் சிவப்பாகத் தெரிந்த ஒவ்வொரு எண்ணுக்கும் ஆன்லைனில் ஒரு டப்பா வாங்கிவிடுகிறார்கள்.

தேவைப்படும் இரும்பைப் பயந்து நிறுத்துகிறோம், தேவையில்லாத வைட்டமினைப் பயமே இல்லாமல் தொடர்கிறோம். இந்தப் பட்டியல் இரண்டு வீட்டாருக்கும் சேர்த்துத்தான். அளவை முடிவுசெய்ய வேண்டியவர் மருத்துவர். மற்றதெல்லாம் நம் கையில் இருக்கிறது.

செய்ய வேண்டியவை

குறைவது இரும்புதானா என்று முதலில் பாருங்கள். ஹீமோகுளோபின் குறைந்தாலே இரும்பு என்று முடிவு கட்டக்கூடாது. உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டுவது ஃபெரிட்டின் பரிசோதனை. காய்ச்சலோ வேறு அழற்சியோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக உயர்ந்து காட்டும் என்பதால் அது தணிந்த பிறகு எடுப்பது நல்லது. தலசீமியா மரபுக்கூறு உள்ளவர்களின் ரத்த அணுக்களும் சிறுத்தே இருக்கும். அவர்களுக்கு இரும்பு குறையாவிட்டால் மாத்திரையால் பயனில்லை, வருடக்கணக்கில் தின்றால் கெடுதலும் வரலாம். ஆண்களுக்கும் மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் ரத்தம் எங்கே கசிகிறது என்று தேடுவதுதான் முதல் வேலை. மூலமோ குடல் புண்ணோ அதைவிடப் பெரிதோ இருக்கலாம்.

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். 200 மி.கி. ஃபெரஸ் சல்ஃபேட் என்று போட்டிருந்தால் அதில் உண்மையான இரும்பு சுமார் 65 மி.கி.தான். மருந்துக் கடைகளில் அதிகம் விற்கும் ஃபெரஸ் அஸ்கார்பேட் மாத்திரையிலோ பெரும்பாலும் 100 மி.கி. இரும்பு. ஐசிஎம்ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட அட்டவணைப்படி ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்குத் தேவை 29 மி.கி., மேல் வரம்பு 45 மி.கி. சிகிச்சை மாத்திரை அந்த வரம்பைத் தாண்டியது. அதனால்தான் குமட்டல், நாவில் உலோக வாடை, நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் எல்லாம். குறை உள்ளவருக்கு இந்தத் தொல்லை தாங்கத்தக்கது. குறை இல்லாதவர் ஏன் தாங்க வேண்டும்?

நேரத்தைச் சரிசெய்யுங்கள். இந்த ஊரில் பாதிப் பிரச்சினை இதில்தான். காலையில் மாத்திரை, அடுத்த ஐந்தாவது நிமிடம் தர்ஷினி உணவக வாசலில் நின்று பை-டூ காபி. காபியிலும் டீயிலும் உள்ள பாலிஃபீனால்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொண்டு குடலுக்குள் விடாது. டீ இதில் காபியையும் மிஞ்சும். ராகி மால்ட்டும் கூட்டாளிதான். நூறு கிராம் ராகியில் 350 மி.கி.க்கு அருகில் கால்சியம், போதாக்குறைக்கு ஃபைட்டேட்டும் உண்டு, இரண்டுமே இரும்பைத் தடுக்கும். ராகி நல்ல உணவு, அதில் சந்தேகமில்லை. ஆனால் இரும்பு மாத்திரையை ராகிக் கஞ்சியோடு விழுங்கினால் அதன் பெரும்பகுதி மலத்தோடு போய்விடும். காபிக்கும் பாலுக்கும் ராகிக்கும் முன்பின் இரண்டு மணி நேரம் விடுங்கள். வெறும் வயிறு உத்தமம். குமட்டினால் சாப்பாட்டுக்குப் பிறகு, அல்லது இரவில். கொஞ்சம் குறைவாகத்தான் உடம்பில் சேரும். நிறுத்திவிடுவதற்கு அது எவ்வளவோ மேல். எலுமிச்சைச் சாறு சேர்த்துக்கொள்ளலாம், இதற்கென்று வைட்டமின் சி மாத்திரை வாங்க வேண்டியதில்லை.

ஒருநாள் விட்டு ஒருநாள் போடலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். சூரிச்சில் நடந்து 2017இல் லான்செட் ஹெமட்டாலஜி இதழில் வந்த ஆய்வு இந்த யோசனைக்கு வலு சேர்த்தது. 60 மி.கி. அல்லது அதற்கு மேல் இரும்பு உள்ளே போனால், ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி, சுமார் ஒரு நாளுக்கு இரும்பு நுழையும் கதவைச் சாத்திவிடுகிறது. மறுநாள் போடும் மாத்திரை அந்தக் கதவை முட்டிக்கொண்டு குடலில் கிடந்து வயிற்றைக் கலக்கும். லேசான குறை உள்ள பலருக்கு ஒருநாள் இடைவெளி போதும். கர்ப்பிணிகளும் கடுமையான ரத்தசோகை உள்ளவர்களும் தாமாக இப்படி மாற்றக்கூடாது.

மலம் கறுத்தால் பயப்படாதீர்கள். உள்ளே சேராத இரும்பின் நிறம் அது. கரும்பச்சையாகவும் இருக்கலாம். ஆனால் தார்போலப் பிசுபிசுத்து, துர்நாற்றத்தோடு, தலைசுற்றலும் சேர்ந்து வந்தால் அது மாத்திரையின் வேலை அல்ல, உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள். பி காம்ப்ளெக்ஸ் போட்டவருக்குச் சிறுநீர் பளீரென்று மஞ்சளாவது ரைபோஃபிளேவினால். அதில் பயப்பட எதுவும் இல்லை.

மாத்திரையை நிறையத் தண்ணீரோடு முழுதாக விழுங்குங்கள். சப்பினாலோ வாயில் ஊறவைத்தாலோ வாய்ப்புண் வரும். விழுங்கிய கையோடு படுத்தால் உணவுக்குழாய் புண்ணாகும். சிரப் குடிப்பவர்கள் உறிஞ்சுகுழலில் குடித்தால் பல் கறுக்காது. மலச்சிக்கலுக்குத் தண்ணீர், பப்பாளி, கீரை. அப்படியும் தீரவில்லை என்றால் வேறு உப்பு வடிவ இரும்பை எழுதித் தரச் சொல்லுங்கள்.

மற்ற மாத்திரைகளோடு இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நாலு மணி நேரம். சில ஆன்டிபயாட்டிக்குகளுக்கும் இடைவெளி வேண்டும், கடைக்காரரிடம் கேளுங்கள். கால்சியத்துக்குக் குறைந்தது இரண்டு மணி. கர்ப்பிணிகளுக்கு இதுவே தலைவலி, ஏனென்றால் நம் நாட்டில் கால்சியத்தை ஒரு நாளைக்கு இரண்டு வேளை கொடுக்கிறார்கள். சாப்பாடு, காபி, கால்சியம் மூன்றையும் தவிர்த்து இரும்புக்கு மணி பார்ப்பது லேசான காரியமா? பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் இங்கே 11,000 முதல் பிரசவக் கர்ப்பிணிகளிடம் ஓர் ஆய்வு நடத்தியது. தான்சானியாவிலும் அதே அளவில் நடந்தது. கர்ப்பகால ரத்தக்கொதிப்பு நோயைத் தடுப்பதில் 500 மி.கி. கால்சியம் 1,500 மி.கி.க்குச் சளைத்ததல்ல என்று 2024 ஜனவரியில் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் முடிவு வந்தது. நம் மருந்துச்சீட்டுகளில் இது இறங்கினால் கால்சியம் ஒரு வேளையோடு முடியும், இரும்புக்கும் கடிகாரத்தில் ஒரு இடம் கிடைக்கும்.

செய்யக்கூடாதவை

களைப்பு தீர்ந்ததும் நிறுத்தாதீர்கள். ஹீமோகுளோபின் சரியான பிறகும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூன்று மாதம் ஆகும்.

இரும்பு மாத்திரையைக் குழந்தையின் கைக்கு எட்டும்படி வைக்காதீர்கள். மற்றவை தொல்லை, இது உயிர். பள்ளிகளில் பெரிய பிள்ளைகளுக்கு நீல மாத்திரை, சின்னப் பிள்ளைகளுக்கு இளஞ்சிவப்பு மாத்திரை, வாரம் ஒன்று. இந்தத் திட்டம் நல்லதுதான், ஒன்று ஒன்றாகக் கொடுக்கும்வரை. 2023 மார்ச்சில் ஊட்டியில் ஒரு நகராட்சிப் பள்ளி மாணவர்கள் யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டார்கள். அதில் எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி சில நாளில் இறந்துபோனாள்.

வீட்டில் இருக்கும் 100 மி.கி. மாத்திரையை வைத்துக் கணக்குப் பாருங்கள். 12 கிலோ குழந்தைக்கு இரண்டு மூன்றிலேயே தொல்லை தொடங்கும், ஏழெட்டு விழுங்கினால் உயிருக்கு ஆபத்து. சர்க்கரைப் பூச்சோடு சிவப்பாகப் பளபளக்கும் மாத்திரை குழந்தைக்கு மிட்டாய்தான். முதல் சில மணி நேரம் வாந்தியும் பேதியும் இருக்கும். பிறகு குழந்தை தெளிந்துவிட்டதுபோல் இருக்கும், பெற்றோர் ஏமாறும் நேரம் அது. ஒரு நாளுக்குள் கல்லீரலும் ரத்த ஓட்டமும் சரியலாம். மற்ற விஷங்களுக்குக் கொடுக்கும் கரித்தூள் இரும்பைப் பிடிக்காது. உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். 108ஐ அழைத்து, காலி அட்டையையும் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்புங்கள்.

வாரம் ஒன்று என்று எழுதிய வைட்டமின் டியைத் தினம் ஒன்று ஆக்காதீர்கள். 60,000 யூனிட் குளிகையும் பொடிப் பொட்டலமும் வாரத்துக்கு ஒன்று, அதுவும் குறிப்பிட்ட வாரங்களுக்கு மட்டும். நம் நாட்டு அட்டவணையில் ஒரு நாளைய மேல் வரம்பு 4,000 யூனிட். தவறிப்போய் தினமும் சாப்பிட்டவர்களைப் பற்றி இந்திய மருத்துவ இதழ்களில் பலமுறை எழுதியிருக்கிறார்கள். ரத்தத்தில் கால்சியம் ஏறி, தாகம், வாந்தி, மலச்சிக்கல், குழப்பம், கடைசியில் சிறுநீரகப் பாதிப்பு. இது கொழுப்பில் தங்கும் வைட்டமின் என்பதால் நிறுத்திய பிறகும் மாதக்கணக்கில் ஆட்டிவைக்கும். அறிக்கையில் டி குறைவாக இருக்கிறது என்று கடையில் சொன்னால், "ஏனூ ஆகல்ல, தகொள்ளி" (ஒன்றும் ஆகாது, எடுத்துக்கொள்ளுங்கள்) என்று எடுத்துக் கொடுப்பார்கள். என்னென்ன ஆகும் என்று இப்போது தெரியுமே.

முடி உதிர்கிறது என்று பயோட்டினை அள்ளி விழுங்காதீர்கள். போர்வெல் தண்ணீரைத் திட்டாத பெங்களூர்வாசி கிடையாது. திட்டிவிட்டு 10 மி.கி. பயோட்டின் மாத்திரைக்குப் போகிறார்கள். உடம்புக்கு வேண்டியது நாளைக்கு 30, 40 மைக்ரோகிராம். மிஞ்சிய பயோட்டின் பல ஆய்வகப் பரிசோதனைகளைக் குழப்பும். சரியாக இருக்கும் தைராய்டு அதிகமாகச் சுரப்பதுபோல் காட்டும். மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனினைக் குறைத்துக் காட்டும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017இல் இதைப் பற்றி எச்சரித்தது. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள், கொடுக்கும் இடத்திலும் சொல்லுங்கள். முடி உதிர்வதற்கு இரும்புக் குறையே காரணமாக இருக்கும் பெண்கள் ஏராளம். வேண்டிய மாத்திரை அலமாரியில் தூங்க, வேண்டாத மாத்திரை தினமும் உள்ளே போகிறது.

பல டப்பாக்களை ஒன்றாகத் திறக்காதீர்கள். மல்டிவைட்டமின், நரம்பு மாத்திரை, முடி மாத்திரை மூன்றிலும் பி6 இருக்கலாம். கூட்டிப் பார்த்தால் அளவு எகிறிவிடும். நெடுநாள் அதிகமாகப் போனால் பி6 நரம்பைக் கெடுக்கும். கால் மதமதப்புக்குப் போட்ட மாத்திரையாலேயே மதமதப்பு கூடும். கர்ப்பிணிகள் ரெட்டினால் வடிவ வைட்டமின் ஏ, மீன் ஈரல் எண்ணெய் இரண்டையும் கேட்காமல் தொடக்கூடாது, கருவுக்கு ஆகாது. சைவ உணவுக்காரர்கள் பி12 பார்க்காமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் நெடுநாள் சாப்பிட்டால், ரத்தம் தேறியதுபோல் தெரியும், நரம்பு உள்ளே கெட்டுக்கொண்டே போகும். ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்கள் வைட்டமின் இ, கே உள்ள எதையும் மருத்துவரிடம் காட்டாமல் வாங்க வேண்டாம்.

மாத்திரைக்குச் சோம்பிக்கொண்டு இரும்பு டிரிப் கேட்காதீர்கள். மாத்திரை சேராதவர்களுக்கும், கர்ப்பத்தின் பிற்பகுதியில் ரத்தம் மிகக் குறைந்தவர்களுக்கும், குடல் நோய் உள்ளவர்களுக்கும் அது வரம். ஆனால் அரிதாகக் கடும் ஒவ்வாமை வரலாம். சில வகை மருந்தில் ரத்தத்தில் பாஸ்பேட் குறையும். ஊசி நழுவினால் தோலில் பழுப்புக் கறை பல மாதம் போகாது. ஆகவே வீட்டுக்கு ஆள் வரவழைத்து ஏற்றிக்கொள்ள வேண்டாம், அவசர வசதி உள்ள இடத்தில்தான் ஏற்ற வேண்டும். முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்வார்கள். டிராஃபிக்கைக் காரணம் காட்டி எழுந்து வராதீர்கள்.