தம்பி கேட்ட உறை

போன மாதம் கிள்ளானிலிருந்து தம்பி போன் செய்தான். ஏதோ ஒரு படத்தில் கதாநாயகன் இடுப்பில் தோல் உறையைப் பார்த்திருக்கிறான். "அக்கா, கைத்துப்பாக்கி உறை மாதிரி ஒண்ணு, கையாலேயே தைக்கணும். சொல்லிக் குடு" என்றான். அவனுக்குக் கைவேலையில் ஆசை வந்ததே எனக்குப் பெரிய சந்தோஷம். ஆனால் அதற்குள் வைக்கத் துப்பாக்கிக்கு எங்கே போவது? மலேசியாவில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருக்க முடியாது. 1971ஆம் ஆண்டு வந்த சட்டம் தண்டனையை இன்னும் கடுமையாக்கியது. அசல் போலவே இருக்கும் போலித் துப்பாக்கியை வாங்கி அளவெடுக்கிறேன் என்றும் கிளம்ப வேண்டாம், அதற்கும் ஆயுதச் சட்டத்தில் தடை உண்டு.

அப்போதுதான் அம்மாவின் கவாத்துக் கத்தரி ஞாபகம் வந்தது. தாமான் வீட்டு வாசலில் மல்லிகை, செம்பருத்தி, கறிவேப்பிலை என்று இருபது தொட்டி. தினமும் சாயங்காலம் கத்தரியை எந்தத் தொட்டி ஓரத்தில் வைத்தோம் என்று தேடுவதே அம்மாவுக்கு வேலை. ஒரு பக்கம் வளைந்த பிடி, மறு பக்கம் ஒடுங்கிய அலகு. கைத்துப்பாக்கிக்கும் அதற்கும் உருவத்தில் அவ்வளவு வித்தியாசமில்லை. உறைக்கு வேண்டிய வேலையும் ஒன்றேதான்: பொருளின் வடிவத்துக்குத் தோலை இறுக்கிப் படிய வைப்பது, குனிந்தாலும் விழாமல் பிடிப்பது, இழுத்தால் ஒரே கையில் வெளியே வருவது. "அம்மாவுக்குத் தைச்சுக் குடுடா" என்றேன். அவனுக்குச் சொன்னதைத்தான் உங்களுக்கும் எழுதுகிறேன்.

முதலில் தோல். கைப்பை, சோபா தைக்கும் மெத்தென்ற தோல் பெரும்பாலும் குரோம் உப்பில் பதனிட்டது. அதை நனைத்து அழுத்தினாலும் வடிவம் நிற்காது. உறைக்கு வேண்டியது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல். கடையிலும் ஷாப்பியிலும் 'வெஜ் டேன்' என்று கேட்டால்தான் புரியும். சாயம் ஏற்றாத தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உறிஞ்சிக் கறுத்தால் நமக்கு வேண்டியது அதுதான். வெட்டிய விளிம்பு நீலம் கலந்த சாம்பல் நிறமாக இருந்தால் அது குரோம், வைத்துவிட்டு வந்துவிடுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும் ஆவாரம்பூ தெரியுமில்லையா? அந்தச் செடியின் பட்டையில்தான் தமிழ்நாட்டில் காலங்காலமாகத் தோல் பதனிட்டார்கள். 'ஈஸ்ட் இந்தியா தோல்' என்று பெயர் வாங்கிக் கப்பலேறியது அது; 2008இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. கையில் எடுக்கும் தோலுக்குப் பின்னால் நம் ஊர்க்காரர்கள் எத்தனை தலைமுறை உழைத்திருக்கிறார்கள் என்று நினைத்தால் ஒரு துண்டைக்கூட வீணாக்க மனம் வராது.

கனம் 2.5 முதல் 3 மில்லிமீட்டர் போதும். மாட்டுத்தோல் வீட்டுக்குள் வேண்டாம் என்று சொல்லும் பெரியவர்கள் இருந்தால், வாங்குவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். இதே முறையில் பதனிட்ட எருமைத் தோலும் கிடைக்கிறது. எங்கள் அம்மா சாமிக்குப் பூ பறிக்கத் தனிக் கத்தரி வைத்துக்கொண்டார். அது அவர் மனசு, அதில் நான் தலையிடவில்லை.

தோலைத் தொடுவதற்கு முன் கெட்டி அட்டையில் ஒருமுறை செய்து பாருங்கள். கத்தரியை மூடிப் பூட்டி, அட்டையில் வைத்துச் சுற்றி வரையுங்கள். அந்தக் கோட்டிலேயே வெட்டினால் கத்தரி உள்ளே போகவே போகாது. கணக்கு இதுதான்: கத்தரியின் தடிமனில் பாதி, அதோடு தோலின் கனம், அதோடு தையலுக்கு 7 மில்லிமீட்டர். கத்தரி 20 மில்லிமீட்டர் தடிமன், தோல் 3 என்றால், தையல் வரும் பக்கம் 10, 3, 7, ஆக 20 மில்லிமீட்டர் தள்ளி வெட்ட வேண்டும். மடிப்பு வரும் பக்கம் 13 போதும். தோல் வெட்டப் புது பிளேடு, இரும்பு ஸ்கேல். ஒரே அழுத்தில் வெட்டப் பார்க்காதீர்கள். லேசாக நாலைந்து முறை இழுத்தால் கோடு பிசகாது, விரலும் தப்பிக்கும்.

இனி வரிசை முக்கியம். பெல்ட் நுழையும் பட்டையை முதலில் தைத்துவிட வேண்டும். உறையை மூடிய பிறகு உள்ளே ஊசி எட்டாது. அடுத்தது நடுப்பட்டை. இரண்டு தோலுக்கும் நடுவே, தையல் ஓடும் இடம் முழுக்க, ஒரு விரல்கடை அகலத்தில் தோல் துண்டு ஒன்றை ஒட்டிச் சேர்த்துத் தைக்க வேண்டும். நான் முதன்முதலில் தைத்த உறையில் இதை விட்டுவிட்டேன். ஒவ்வொரு முறை செருகும்போதும் அலகு நூலை உரசி, இரண்டே வாரத்தில் அடிப்பக்கத் தையலை அறுத்துவிட்டது. துப்பாக்கி உறைக்கு இது இல்லாமலும் சமாளிக்கலாம். வெட்டுகிற பொருளுக்கு விடவே கூடாது.

துளை போட, முள்கரண்டி மாதிரிப் பல் வைத்த உளி விற்கிறார்கள். விளிம்பிலிருந்து 4 மில்லிமீட்டர் உள்ளே ஒரு கோடு கீறி, அதன்மேல் 4 மில்லிமீட்டருக்கு ஒரு துளை வரும்படி அடிக்கலாம். பிரிக்பீல்ட்ஸ் பக்கம் அடுக்குமாடியில் இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இரவு நேரத்தில் சுத்தியல் சரிவராது, கீழ்வீட்டில் குழந்தை தூங்கும். உளியை வைத்து அழுத்தி அடையாளம் மட்டும் செய்துவிட்டு, ஒவ்வொன்றாகக் குத்தூசியால் குத்துவேன். நேரம் கூடத்தான் ஆகும். ஆனால் ஊசி நேராகப் போகிறதா, பின்பக்கம் எங்கே வெளிவருகிறது என்று கண் பழகுவது அப்படித்தான்.

தையல்தான் இந்த வேலையின் உயிர், அவசரப்படாமல் படியுங்கள். மெழுகு பூசிய பாலியஸ்டர் நூல், 0.8 மில்லிமீட்டர். மூன்று அடுக்குத் தோல் என்பதால் தைக்கும் நீளத்தைப் போல ஏழு மடங்கு, அதற்குமேல் ஒரு முழம். நூல் ஒன்று, ஊசி இரண்டு, இரண்டு முனையிலும் மழுங்கல் ஊசி. முதல் துளையில் நூலை நுழைத்து இரு பக்கமும் சமமாக இழுத்துக்கொண்டு, அடுத்த துளையில் இடது ஊசியை விட்டு வாங்கி, அதே துளையில் வலது ஊசியை அதற்குப் பின்னால் விடுங்கள். இரண்டு கையும் ஒரே பலத்தில் இழுக்க வேண்டும். முதல் தையலில் எந்த ஊசி முன்னால் போனதோ கடைசி வரை அதுதான் முன்னால். மாற்றினால் தையல் சாய்வு கலைந்து அழகு கெட்டுவிடும். மெஷின் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று மாட்டிக்கொண்டு நிற்கின்றன. ஓரிடத்தில் அறுந்தால் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்து வரும். இந்தக் கைத்தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் மற்ற முனையின் நூல் அதே வழியில் ஓடுவதால் பிடி விடாது. குதிரைச் சேணத்தை இப்படித் தைத்ததும் அதற்காகத்தான். வாய்ப்பக்கம் இழுப்பு அதிகம், அங்கே இரண்டு துளை திரும்பி வந்து இரட்டைத் தையல் போடுங்கள். முடிக்கும்போதும் அப்படியே இரண்டு துளை பின்னால் வந்து, நூலை ஒட்ட வெட்டி, நுனியைத் தீயில் லேசாக உருக்கிவிடுங்கள்.

தைத்து முடித்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அரை நிமிடம் முக்கி எடுங்கள். கொதிநீர் பட்டால் தோல் சுருங்கி மரக்கட்டையாகிவிடும். கத்தரியைச் சமையலறைப் பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றித்தான் உள்ளே செருக வேண்டும். பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் ஈரத்தோடு இரும்பைத் தொட்டால் மை போலக் கறுத்துவிடும். கடுக்காய் நீரில் தோய்த்த துணியில் இரும்புக் கரைசல் பட்டுத்தானே கலம்காரியின் கறுப்பு வருகிறது, அதே ரசாயனம்தான். துணிக்கு அழகு, உறைக்குக் கறை, தேய்த்தாலும் போகாது. பிறகு கட்டைவிரலால் அலகின் ஓரம், பிடியின் வளைவு என்று அழுத்தி அழுத்தி வடிவம் எடுங்கள். நகம் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், பட்ட தடம் அப்படியே நின்றுவிடும். வெயிலில் வைக்காமல் ஃபேன் காற்றில் காயவிடுங்கள். ஏப்ரலிலும் அக்டோபர், நவம்பரிலும் நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அடிக்கடி மாலையில் மழை கொட்டும். அந்த மாதங்களில் நான் இரண்டு முழு நாள் விடுகிறேன்.

காய்ந்ததும் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்து, ஈரம் தொட்டு, கெட்டித் துணியால் சூடு பறக்கத் தேய்த்தால் கண்ணாடி போலப் பளபளக்கும். மேலே தேன்மெழுகு லேசாகப் பூசுங்கள். வீட்டில் இருக்கிறதே என்று தேங்காய் எண்ணெயை ஊற்ற வேண்டாம், பாடுபட்டுப் படிய வைத்த வடிவம் தளர்ந்துபோகும்.

பழக்கத்துக்கு வந்தபின் இரண்டு விஷயம். தோட்டத்தைத் தாண்டி ரயிலுக்கும் கடைத்தெருவுக்கும் கத்தரியை இடுப்பில் மாட்டிக்கொண்டு போகாதீர்கள். தக்க காரணமில்லாமல் ஆபத்தான ஆயுதத்தைப் பொது இடத்தில் வைத்திருப்பது 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம், வழியில் நிறுத்திக் கேட்டால் பதில் சொல்ல வேண்டிவரும். இன்னொன்று, வேலை முடிந்ததும் கத்தரியைத் துடைத்துத் தனியாக வையுங்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உள்ளேயே விட்டால் அலகு துருப்பிடிக்கும். உறையை அலமாரிக்குள் அடைக்காமல் காற்றோட்டமாக ஆணியில் மாட்டுங்கள். வெள்ளையாகப் பூசணம் பூத்தால் வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் ஒரு நாள் ஆறவிட்டால் சரியாகும்.

தம்பி தைத்த உறையில் ஒன்றே ஒன்றுதான் மறந்திருந்தான். அடிநுனியில் தண்ணீரும் மண்ணும் வடிய ஒரு சின்ன ஓட்டை வேண்டும். போன ஞாயிற்றுக்கிழமை கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் பிடித்துக் கிள்ளானுக்குப் போனபோது, குத்தூசியையும் பையில் எடுத்துக்கொண்டு போய் நானே போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன்.