அலையின் சக்தி எங்கே போகிறது?

ஆழ்கடலில் அலையோடு நீர் பெரிதாகப் பயணம் செய்வதில்லை. இருந்த இடத்திலேயே சுழல்கிறது. கரை நோக்கி வருவது சக்தியே. ஆழம் குறைந்ததும் அலையின் அடி நிலத்தில் தடக்குகிறது. வேகம் குறைந்து உயரம் கூடுகிறது. 1 மீற்றர் உயர அலை ஏறத்தாழ 1.3 மீற்றர் ஆழத்தில் உடையும். அப்போது சக்தியின் பெரும்பகுதி நுரையிலும் சுழிப்பிலும் வெப்பமாகிவிடும். கையை விட்டுப் பார்த்தால் தெரியாத வெப்பம். மீதி மணலை அள்ளும். உயரம் பாதியானால் சக்தி காற்பங்கே என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

முருகைக்கற்பாறை அலையைத் தூரத்திலேயே உடைத்துவிடுகிறது. சுண்ணாம்புச் சூளைக்காக அதை அகழ்ந்தால் அலை உயரம் குறையாமலே வந்து கரையை அரிக்கும். கரையோரத் தென்னையும் சரியும். 2004 சுனாமி வேறு வகை அலைதான். ஆயினும் பாறை எஞ்சியிருந்த ஹிக்கடுவையைவிட, கல் அகழப்பட்ட பெரலியவில் நீர் மிகத் தொலைவு உட்புகுந்ததை ஆய்வாளர் பதிவுசெய்துள்ளனர்.