குரலுக்கு விலையா, உடுப்புக்கு விலையா?



நாம் அன்றாடம் வந்து போகும் டோபி காட், துணியால் பெயர் பெற்ற இடம். முன்னாளில் இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் பிராஸ் பாசா ஓடையில் துணி துவைத்துப் பக்கத்துத் திடலில் உலர்த்தினார்கள். 1939-ல் அங்கே கத்தே கட்டடமும் படக்கொட்டகையும் எழுந்தன. மானத்தை மறைக்கும் துணியை வெளுத்த இடத்துக்குக் கூத்தும் பாட்டும் வந்து சேர்ந்தன. ஆகவே, மேடையில் பாடும் பெண்களின் உடுப்பைப் பற்றி இங்கிருந்து பேசுவது பொருத்தமே.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பார்கள். இக்காலப் பாடகிகள் பலரைப் பார்த்தால் அந்த ஆடையும் பாதியாகிவிட்டது. ‘காலம் கெட்டுப்போயிற்று’ என்று நாமும் தேநீர்க் கடையில் சொல்லிவிட்டு எழுந்து போகிறோம். அது போதாது. ஒரு சரக்கைக் கண்டால் யார் செய்தது, யார் விற்கிறார், யார் வாங்குகிறார் என்று கேட்பது வியாபாரியின் வழக்கம். அவ்வாறே இதையும் ஆராய்வோம்.

முதலாவது: பாட்டுக்கு இந்த உடுப்பு அவசியமா?

எகிப்தின் உம்மு குல்தூம் அம்மையார் நீண்ட அங்கி அணிந்து, கையில் ஒரு கைக்குட்டையுடன் நின்று பாடினார். மாதந்தோறும் முதல் வியாழன் இரவு அவர் பாட்டை வானொலியில் கேட்க அரபு நாடுகளே காத்திருந்தன. 1975-ல் அவர் காலமானபோது இலட்சக்கணக்கானோர் கெய்ரோ வீதிகளில் திரண்டனர். குரல் ஒன்றே அவருக்கு முதலாக இருந்தது.

நம் தமிழ்ப் படங்களையே பாருங்கள். கேளிக்கை விடுதி நடனப் பாட்டுகளுக்கு எல்.ஆர். ஈஸ்வரி குரல் கொடுத்தார். குட்டை உடுப்பில் திரையில் ஆடியவர்களோ ஜோதிலட்சுமி போன்ற வேறு நடிகைகள். அதே ஈஸ்வரியின் குரல்தான் ஆடி மாதத்தில் அம்மன் கோயில் ஒலிபெருக்கிகளிலும் கேட்கிறது. ஆகவே, குரல் வேறு, உடல் வேறு. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டியது வியாபாரம்.

இரண்டாவது: அந்தப் பொட்டலம் எப்படிக் கட்டப்பட்டது?

1981-ல் அமெரிக்காவில் எம்.டி.வி. என்னும் தொலைக்காட்சி தொடங்கிற்று. காதால் கேட்ட பாட்டு, கண்ணால் பார்க்கும் பாட்டாயிற்று. பாட்டு விற்க வேண்டுமானால் படம் கண்ணை இழுக்க வேண்டும் என்றாகிவிட்டது. அந்தக் காலத்தில் எழுந்தவர்தான் மடோனா. அவர் தம் தோற்றத்தைத் தாமே தீர்மானித்தவர். 1992-ல் சொந்தக் கம்பெனியும் தொடங்கியவர். கல்லாவின் சாவி அவர் கையிலேயே இருந்தது. ஆனால், முதலாளி கொடுத்த உடுப்பை மறுத்தால் மேடை கிடைக்காது என்றஞ்சும் இளம் பெண்ணின் நிலை வேறு. இருவரையும் ஒரே தராசில் நிறுப்பது நீதியாகாது.

மூன்றாவது: அரசாங்கங்கள் என்ன செய்தன?

1993-ல் மடோனா நம் சிங்கப்பூரில் பாட அனுமதி மறுக்கப்பட்டது. 2016 பிப்ரவரி 28-ல் தேசிய அரங்கில் அவரே பாடினார். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டுமே அனுமதி. அப்போது கத்தோலிக்கப் பேராயர் வில்லியம் கோ கவலை தெரிவித்தார். ஆகவே இது நம் சமூகத்துக்கு மட்டும் உள்ள கவலை அல்ல.

மலேசியாவோ உடுப்பை அளந்தது. 2006-ல் புஸ்ஸிகேட் டால்ஸ் என்னும் பெண்கள் குழு அங்கே ஆடிப் பாடியபின், நிகழ்ச்சி நடத்திய நிறுவனத்துக்கு 10,000 ரிங்கிட் அபராதம் விழுந்தது. பாடகிகள் தோள் முதல் முழங்கால் வரை மறைக்க வேண்டும் என்பது அந்நாட்டில் அப்போதிருந்த விதி. 2007-ல் குவென் ஸ்டெபானி அதற்கு இணங்கி உடல் மறைத்துப் பாடினார்.

தென்கொரியா வேறொன்றைக் கவனித்தது. 2014-ல் நடைமுறைக்கு வந்த சட்டம், வயது வராத கலைஞர்களைக் கவர்ச்சி உடுப்புக்கும் ஆபாச ஆட்டத்துக்கும் கட்டாயப்படுத்தலாகாது என்றது. அவர்களுடைய வேலை நேரத்துக்கும் வரம்பு வைத்தது.

ஒரு நாடு பார்ப்பவரின் வயதைக் கேட்டது. ஒரு நாடு துணியின் நீளத்தைக் கேட்டது. மூன்றாவது நாடு, அந்தச் சிறுமிக்கு உடுத்திவிட்டது யார் என்று கேட்டது. வேரைத் தொட்ட கேள்வி இந்த மூன்றாவதே.

நான்காவது: நம் பொறுப்பு என்ன?

திருக்குர்ஆனில் அந்நூர் அத்தியாயத்தின் 30-ஆம் வசனம் பார்வையைத் தாழ்த்தும்படி முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது. பெண்களுக்குரிய கட்டளை அதற்கடுத்த வசனத்தில்தான் வருகிறது. நாமோ முதல் வசனத்தைத் தாண்டிப்போய் இரண்டாவதைப் பற்றியே பேசுகிறோம். பாடகியை ஏசிக்கொண்டே அவர் படத்தைக் கைபேசியில் பார்ப்பவன், ஏசுவதால் உத்தமனாகிவிட மாட்டான். வாங்குகிறவன் உள்ளவரை சரக்கு வந்துகொண்டுதான் இருக்கும்.

துணி வியாபாரம் செய்யும் நம்மவர்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. பெருநாள் வந்தால், பாடகிகளின் மேடை உடுப்பைப் பார்த்துத் தைத்த சட்டைகள் எட்டு வயதுச் சிறுமிக்கும் வருகின்றன. கிராக்கி உண்டு, இலாபமும் உண்டு. ‘நாம் விற்காவிட்டால் பக்கத்துக் கடைக்காரர் விற்பார்’ என்று மனம் சொல்லும். அளவையும் நிறுவையும் சரியாக வைத்திருந்தால் மட்டும் வியாபாரம் சுத்தமாகிவிடுமா? தன் மகளுக்கு உடுத்தத் தயங்கும் ஒன்றை ஊரார் மகளுக்கு அளந்து கொடுப்பதும் அமானத்தில் குறைவுதான். அத்தகைய சரக்கைத் திருப்பி அனுப்பினால் பத்து வெள்ளி குறையலாம், பரக்கத் குறையாது.

வீட்டில் நம் பெண் பிள்ளைகளிடம் ‘பாட்டே கேட்காதே’ என்று அதட்டுவதைவிட, ‘இந்தப் பாடகிக்கு அந்த உடுப்பைத் தேர்ந்தெடுத்தது யார்? அதனால் யாருக்குப் பணம்?’ என்று கேட்டுப் பாருங்கள். வியாபாரி வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்கு எளிதில் புரியும்.

சிந்திக்கச் சில கேள்விகள்:

1. இந்த மாதம் நம் கடையில் விற்ற சிறுமியர் உடுப்புகளில், நம் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒதுக்கக்கூடியவை எத்தனை?

2. பெண்ணுக்குச் சொல்லும் புத்தியை நம் வீட்டு ஆண் பிள்ளைக்கும் சொல்கிறோமா?

3. நன்றாகப் பாடும் ஒரு பெண்ணின் குரலுக்காக மட்டும் நாம் காசு கொடுத்தது எப்போது?

இவற்றுக்கு விடையைக் கல்லாவில் உட்கார்ந்தபடியே யோசிக்கலாம், வேறெங்கும் போகவேண்டியதில்லை.