தீவுத் திருவிழா மேடையில் மிக்சர்

நயினாதீவு நாகபூசணி அம்மன் ஆனித் திருவிழாவுக்குச் சவுண்ட்ஸ் சாமான் குறிகட்டுவானில் இருந்து படகேறித்தான் போகவேணும். மிக்சரைப் பொலித்தீனில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள்; உப்புத் தண்ணீர் பட்ட ஃபேடர் கரகரக்கும்.

முதல் வேலை கெயின். நாதஸ்வரத்தை உச்சத்தில் வாசிக்கச் சொல்லி, சிவப்பு விளக்கு எரியாத அளவில் நிறுத்துங்கள். உள்ளே வரும்போதே உடைந்த ஒலியைக் கம்ப்ரசர் திருத்தாது. பற்றரி இல்லாத பிக்கப் கிற்றாரை 'ஹை-இசட்' இன்புட்டில் செருகுங்கள். லைன் இன்புட்டில் ஒலி மங்கிவிடும். கீபோட்டுக்கு லைன் போதும். மேடை தூரமென்றால் டிஐ பெட்டி வையுங்கள்.

அடுத்தது கம்ப்ரசர். பாடகர் குரலுக்கு 3:1 அளவு. எல்லையைத் தாண்டும் 6 டெசிபல் அப்போது 2 ஆகக் குறையும். தவிலுக்கு அட்டாக்கை 20 முதல் 30 மில்லிசெக்கன் வரை விடுங்கள். இல்லாவிட்டால் அடியின் உயிர் போய்விடும். அமுக்கிய ஒலியை மீண்டும் மீண்டும் ஏற்றினால் மைக் கீச்சிடும். அந்த ஆசை வேண்டவே வேண்டாம்.

கடற்காற்றின் உறுமலும் கம்ப்ரசரைத் தூண்டிக் குரலை அமுக்கும். மைக்குக்குப் பஞ்சு உறை மாட்டி, லோ-கட் பொத்தானை முதலே அழுத்திவிடுங்கள்.