ஓரத்தில் ஒடுங்க வேண்டாம்

கேள்வி: தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறேன். சாலையோரமாக ஒதுங்கித்தான் போகிறேன். அப்படியும் கார்கள் உரசுவதுபோல் முந்துகின்றன, ஹார்ன் அடித்து மிரட்டுகிறார்கள். என்ன செய்யலாம்?
– வாசகர், பிரிக்பீல்ட்ஸ்

பதில்: அந்த ஒதுங்கல்தான் சிக்கல். நீங்கள் விளிம்பை ஒட்டிப் போனால், அதே தடத்தில் நுழைந்து முந்த இடமிருப்பதாகப் பின்னால் வருபவருக்குத் தோன்றும். விளிம்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மீட்டர் தள்ளி, வளையாமல் நேராக ஓட்டுங்கள். ஜாலான் துன் சம்பந்தனில் நிறுத்தியிருக்கும் கார்களுக்கும் அதே இடைவெளி விடுங்கள். கதவு சட்டென்று திறந்தாலும் தப்பிக்கலாம்.

சந்திப்பில் பேருந்துக்கும் லோரிக்கும் இடப்பக்கம் நுழையவே நுழையாதீர்கள். ஓட்டுநர் கண்ணுக்கு நீங்கள் அங்கே தெரியமாட்டீர்கள். அவர் இடப்புறம் திரும்பினால் விலக வழியிருக்காது. பின்னாலேயே நில்லுங்கள். தடம் மாறுமுன் திரும்பிப் பார்த்து, கைகாட்டுங்கள். மாலை மழையில் முன்னால் வெள்ளை விளக்கும் பின்னால் சிவப்பு விளக்கும் எரியட்டும்.

ஹார்ன் அடிப்பவரோடு நடுத்தெருவில் மல்லுக்கு நிற்காதீர்கள், வழிவிட்டு அனுப்பிவிடுங்கள். யாராவது இடித்துவிட்டால் மட்டும் விடாதீர்கள். வண்டி எண்ணைப் படமெடுங்கள். விபத்தை 24 மணி நேரத்துக்குள் போலீசில் தெரிவிப்பது, 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டப்படி வாகனமோட்டியின் கடமை. அவர் செய்வார் என்று காத்திராமல் நீங்களும் உடனே புகார் கொடுங்கள்.

மிட் வேலியிலிருந்து டத்தாரான் மெர்டேகா வரை 2015-இல் திறக்கப்பட்ட சைக்கிள் பாதை இருக்கிறது. உங்கள் வழிக்குப் பொருந்தினால் அதில் போங்கள். மற்ற இடங்களில், சாலை உங்களுக்கும் உரியதுதான். தைரியமாக, எல்லார் கண்ணிலும் படும்படி ஓட்டுங்கள்.