வளைவில் காரின் வாலைத் தீர்மானிக்கும் கம்பி

நம் வீட்டுப் பிள்ளைகள் கார் வாங்குகிறார்கள். வாங்கியதோடு நில்லாமல், அதில் இதை மாற்றலாமா, அதைக் கூட்டலாமா என்றும் கேட்கிறார்கள். அப்படி மாற்றப்படும் உறுப்புகளில் ஒன்றைப் பற்றி இம்முறை எழுதுகிறேன். எழுதத் தூண்டியது என் அக்கா மகனுக்கு நேர்ந்த ஒரு சம்பவம்.

அவன் புனேயில் கணினி வேலையில் இருக்கிறான். போலோ ஜி.டி. டி.எஸ்.ஐ. கார் ஒன்றைப் பழைய வண்டியாக வாங்கினான். 2022-இல் போலோ விற்பனை இந்தியாவில் நின்றுவிட்டது. ஆனாலும் ஓட்டுவதில் ஆசையுள்ள இளைஞர்கள் அதைத் தேடிப் பிடித்து வாங்குகிறார்கள். வாங்கிய சில மாதங்களில், வளைவில் வண்டி இன்னும் சுறுசுறுப்பாகத் திரும்ப வேண்டும் என்று பின்பக்கத்துக்கு ஒரு ஸ்வே பார் வரவழைத்தான். அதன் முனைகளில் மென்மைக்கு ஒன்று, விறைப்புக்கு ஒன்று என இரண்டு துளைகள். காசு கொடுத்து வாங்கியது முழுதாக வேலை செய்யட்டும் என்று விறைப்பான துளையிலேயே மாட்டச் சொன்னான். மே மாதம் முழுவதும் வண்டியைப் பற்றி ஒரே புகழ்ச்சி.

ஜூனில் மழை பிடித்தது. மனைவியையும் இரண்டு வயதுக் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு முல்ஷி வழியாகத் தாம்ஹினி மலைப்பாதையில் கொங்கணப் பக்கம் இறங்கியிருக்கிறான். ஓர் இறக்க வளைவில் வேகம் சற்று அதிகம் என்று தோன்றவே ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறான். அடுத்த நொடியில் வண்டியின் பின்பக்கம் வெளியே வீசி, வந்த திசையைப் பார்த்துத் திரும்பி, மலையோரச் சாக்கடையில் இறங்கி நின்றது. மறுபக்கம் பள்ளத்தாக்கு. யாருக்கும் காயமில்லை. அன்றிரவு போனில், "மாமா, கம்பியில் ஏதாவது கோளாறு இருக்குமோ?" என்று கேட்டான். "கம்பியில் கோளாறு இல்லையப்பா. நீ கேட்டதை அது செய்துவிட்டது" என்றேன். அவனுக்கு மறுநாள் விளக்கிச் சொன்னதைத்தான் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

ஸ்வே பார், ஆன்டி-ரோல் பார், ஸ்டெபிலைசர் என்று பல பெயர்கள் இருந்தாலும் பொருள் ஒன்றே. ப வடிவில் வளைத்த ஒரு ஸ்பிரிங் எஃகுக் கம்பி. நடுப்பகுதி வண்டியின் அடிச்சட்டத்தில் ரப்பர் புஷ்களில் உட்கார்ந்திருக்கும். இரு முனைகளும் சிறு இணைப்புத் தண்டுகள் மூலம் இடது, வலது சக்கரங்களின் சஸ்பென்ஷனோடு சேரும். இரு சக்கரங்களும் சேர்ந்து ஏறி இறங்கினால் கம்பி சும்மா சுழலும், அதற்கு வேலையில்லை. வளைவில் உடல் ஒரு பக்கம் சாயும்போது ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போகப் பார்க்கும். அப்போது ஈரத்துணியைப் பிழியும்போது இரு கைகளும் எதிரெதிராகத் திருகுகின்றனவே, அதுபோலக் கம்பி முறுக்கப்படுகிறது. முறுக்கை எதிர்த்து அது நிற்பதால் சாய்வு குறைகிறது.

ரயில்வே பெட்டிப் பணிமனையில் வேலை பார்த்த எனக்கு இது புதிதல்ல. பழைய ஐ.சி.எஃப். பெட்டிகளின் போகியில் இந்தக் கம்பி கிடையாது. எல்.எச்.பி. பெட்டிகளோடு வந்த ஃபியாட் போகியில் உண்டு. அங்கே அதன் பயன், ஸ்பிரிங்குகளை மென்மையாக வைத்துப் பயணிக்குச் சொகுசு கொடுத்துக்கொண்டே பெட்டி ஆடாமல் பார்த்துக்கொள்வது. ஆனால் ரயில் சக்கரத்தைத் தண்டவாளம் வழிநடத்துகிறது. காரை வழிநடத்துவது, ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் உள்ளங்கையளவு ரப்பர்தான். காரில் இந்தக் கம்பியைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது இதனால்தான்.

பலரும் தவறாக எண்ணுவது, தடித்த கம்பி போட்டால் பிடிமானம் கூடும் என்பது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு எவ்வளவு எடை மாறும் என்பதை, வண்டியின் எடை மையம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, சக்கரங்களுக்கிடையே எவ்வளவு அகலம், எவ்வளவு வேகமாகத் திரும்புகிறோம் என்பவை முடிவு செய்கின்றன. கம்பியால் அந்த மொத்தத்தைப் பெரிதாக மாற்ற முடியாது. அந்த எடை மாற்றத்தில் முன் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும், பின் அச்சு எவ்வளவு ஏற்க வேண்டும் என்று பங்கு பிரிப்பதே அதன் வேலை.

பங்கு பிரிப்பதால் என்ன ஆகும்? இரண்டு போர்ட்டர்களிடம் ஆளுக்கு இரண்டு பெட்டி கொடுத்தால் இருவரும் வேகமாக நடப்பார்கள். ஒருவர் தலையில் மூன்றும் மற்றவரிடம் ஒன்றும் கொடுத்தால், முதலாமவர் தளரும் அளவுக்கு இரண்டாமவர் வேகம் கூடுவதில்லை. டயரும் அப்படியே. எடை இருமடங்கானால் பிடிமானம் இருமடங்காவதில்லை. அதற்குச் சற்றுக் குறைவாகவே கூடும். ஆகவே எந்த அச்சில் கம்பி விறைப்பாக இருக்கிறதோ, அந்த அச்சின் வெளிச்சக்கரம் அதிகம் சுமக்கிறது, உள்சக்கரம் இளைக்கிறது, இரண்டும் சேர்ந்து தரும் பிடிமானம் குறைகிறது. முன்னால் விறைத்தால் மூக்கு முதலில் வழுக்கி, வண்டி திரும்ப மறுத்து நேரே போகப் பார்க்கும். இது அண்டர்ஸ்டீர். பின்னால் விறைத்தால் வால் முதலில் விடும். இது ஓவர்ஸ்டீர்.

இப்போது என் மருமானின் கணக்கு புரியும். எஞ்சினும் முன்னால், இழுக்கும் சக்கரமும் முன்னால் உள்ள இத்தகைய கார்கள் மூக்கு கனத்தவை. தொழிற்சாலையில் வேண்டுமென்றே அவற்றை அண்டர்ஸ்டீர் பக்கமாக விட்டுவைக்கிறார்கள். பயந்துபோன ஓட்டுநர் இயல்பாகச் செய்வது காலை எடுப்பதுதான். மூக்கு வழுக்கும் வண்டியில் அது உதவும்; எடை முன்னே சாய்ந்து முன்சக்கரங்களுக்குப் பிடி கிடைக்கும். ஆனால் அதே கணத்தில் பின்சக்கரங்கள் இளைத்துப் போகின்றன. அங்கே விறைப்பான கம்பியும், பாதி தேய்ந்த டயரும், ஈரச் சாலையும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பதைத்தான் தாம்ஹினியில் பார்த்தோம். "ஈ.எஸ்.பி. இருக்கிறதே மாமா" என்றான். அது தனித்தனிச் சக்கரங்களில் பிரேக் பிடித்து வண்டியை நேராக்கும் ஏற்பாடு. டயரில் இல்லாத பிடியை அது எங்கிருந்து கொண்டுவரும்? அதுவுமன்றி, தொழிற்சாலையில் இருந்த சஸ்பென்ஷனை வைத்துத்தான் அதன் கணக்குகள் அமைக்கப்பட்டிருக்கும்.

இதற்கு ஒரு பழைய சரித்திரமும் உண்டு. அமெரிக்காவில் 1960 மாடலாக வந்த செவ்ரோலே கோர்வேர் காருக்கு எஞ்சின் பின்பக்கம். அதன் பின் அச்சின் அமைப்பால் வால் வீசும் இயல்பு அதிகம். முன்பக்கம் ஒரு ஸ்டெபிலைசர் போட்டிருந்தால் அந்த இயல்பு அடங்கியிருக்கும். எல்லா வண்டிகளுக்கும் அதைப் போடவில்லை. பதிலாக முன் டயரில் 15 பவுண்டு, பின் டயரில் 26 பவுண்டு என்று காற்று வைக்கச் சொன்னார்கள். கம்பி செய்ய வேண்டியதைக் காற்றை வைத்துச் செய்யப் பார்த்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். பெட்ரோல் பங்க்குகளில் எத்தனை பேர் அந்த வித்தியாசத்தைக் கவனித்துக் காற்றடிப்பார்கள்? 1964 மாடலில் முன்பக்கக் கம்பி எல்லா வண்டிகளுக்கும் வந்தது. 1965-இல் ரால்ஃப் நேடர் எழுதிய புத்தகத்தின் முதல் அத்தியாயமே இந்தக் காரைப் பற்றியது. பிறகு 1972-இல் வெளியான அமெரிக்க அரசின் ஆய்வு, அந்தக் காலத்து மற்ற கார்களைவிட இது மோசமில்லை என்றது. அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. ஒரு கம்பி இருப்பதும் இல்லாததும் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்காகவே குறிப்பிட்டேன்.

சரி, வாங்கத்தான் போகிறோம் என்றால் எதைப் பார்ப்பது? கடைக்காரர் முதலில் சொல்வது விட்டம். இதில் ஏமாறக் கூடாது. முறுக்கை எதிர்க்கும் விறைப்பு, விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். 20 மி.மீ. கம்பிக்குப் பதில் 22 மி.மீ. போட்டால் 10 சதவீதம் தடிமன்தானே என்று தோன்றும். விறைப்போ சுமார் 46 சதவீதம் கூடுகிறது. 25 மி.மீ. என்றால் ஏறக்குறைய இரண்டரை மடங்கு. குழாய் போல உள்ளே வெறுமையான கம்பிகளும் கிடைக்கின்றன. 25 மி.மீ. வெளிவிட்டமும் 3 மி.மீ. சுவரும் கொண்ட குழாயின் விறைப்பு, ஏறத்தாழ 22.6 மி.மீ. திடக்கம்பிக்குச் சமம். ஆகவே குழாயையும் திடக்கம்பியையும் வெளிவிட்டத்தை மட்டும் வைத்து ஒப்பிடுவது தவறு. அடுத்தது கையின் நீளம், அதாவது கம்பி வளைந்து இணைப்புத் தண்டு வரை வரும் தூரம். அது குறையக் குறைய விறைப்பு ஏறும், 20 செ.மீ. கையை 18 செ.மீ. ஆக்கும் துளையில் மாட்டினால் ஏறக்குறைய 23 சதவீதம். இரண்டு துளைகள் எதற்கு என்பது இப்போது விளங்கும்.

கம்பியின் விறைப்பு 46 சதவீதம் கூடினால் சாய்வும் அதே அளவு குறையும் என்று எண்ண வேண்டாம். சாய்வை எதிர்ப்பதில் ஸ்பிரிங்குகளுக்கும் பங்கு உண்டு. பாதி ஸ்பிரிங், பாதி கம்பி என்று ஒரு அச்சில் வைத்துக்கொண்டால், அந்த அச்சின் மொத்த விறைப்பு 23 சதவீதம்தான் கூடும்.

நம் ஊர்ச் சிறிய கார்கள் பெரும்பாலானவற்றில், போலோவிலும்கூட, பின்பக்கம் முறுங்கும் உத்தரம் ஒன்றுதான் இரு சக்கரங்களையும் இணைக்கிறது. அந்த உத்தரமே ஒரு ஸ்டெபிலைசர். அங்கே வெளியில் வாங்கும் கம்பி, இருப்பதோடு கூடுதலாகச் சேர்வது. எனவே அளவு மீறுவது எளிது. விறைப்பு மிகுந்தால் இறுக்கமான வளைவில் பின்பக்க உள்சக்கரம் தரையை விட்டே எழும்பும். அதற்குப் பயந்து முன்பக்கம் தடித்த கம்பி போட்டாலும் தொல்லைதான்: முன்பக்க உள்சக்கரம் இளைத்து, வளைவிலிருந்து வெளியேறும்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வீணாகச் சுழலும். எனினும், உடல் சாயும்போது முன் டயர்கள் விளிம்பில் நிற்கப் பார்க்கும் வண்டிகளில், சாய்வைக் குறைக்கும் மிதமான கம்பி முன்பக்கப் பிடியைக் காப்பாற்றவும் செய்யும். ஆகையால் வண்டியின் அமைப்பைப் பார்க்காமல் பொது விதி எதுவும் சொல்ல முடியாது.

மும்பை, புனே சாலைகளில் ஓடும் வண்டிக்கு இன்னொரு விஷயம். கம்பி இடது சக்கரத்தையும் வலது சக்கரத்தையும் கட்டிப்போடுகிறது. ஒரு சக்கரம் மட்டும் குழியில் விழுந்தால் அந்த அடி மறுபக்கமும் போகும், வண்டி தலையாட்டும். பின் இருக்கையில் இருக்கும் பெரியவர்களுக்கு இது முதலில் தெரியும்.

நான் சொல்லும் வரிசை இது. முதலில் டயர், காற்று, ஷாக் அப்சார்பர், சக்கர அலைன்மென்ட். பிறகு பழைய கம்பியின் புஷ்களும் இணைப்புத் தண்டுகளும். தேய்ந்த தண்டு குழியில் டொக் டொக்கென்று தட்டும், அந்த விளையாட்டு தீரும்வரை கம்பி வேலையே தொடங்காது. பல வண்டிகளில் இவற்றை மாற்றினாலே ஆசை தீர்ந்துவிடும். அதன் பிறகும் வேண்டுமென்றால், இரண்டு நிலையாவது மாற்றக்கூடிய கம்பியாக, அந்த மாடலுக்கென்றே செய்ததாக வாங்கி, மென்மையான துளையில் தொடங்க வேண்டும். வாங்குமுன் மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைக் கட்டுப்படுத்துவதை நினைவில் வைத்து, ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் கேட்டுக்கொள்வது நல்லது. வாரண்டி உள்ள வண்டியானால் அதையும் கேட்க வேண்டும்.

மாட்டும்போது, வண்டி லிஃப்டில் தொங்கும் நிலையிலும், சக்கரங்கள் தரையில் நிற்கும் நிலையிலும் கம்பி பிரேக் குழாயையோ சைலன்சரையோ உரசுகிறதா என்று பார்க்க வேண்டும். நீளம் மாற்றக்கூடிய இணைப்புத் தண்டுகளை, சமதரையில் வண்டி நிற்கும்போது கம்பியில் முறுக்கு ஏதும் இல்லாதபடி சரிசெய்ய வேண்டும். நட்டுகளைக் கம்பெனி சொன்ன டார்க் அளவில் இறுக்கி, சில நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி பார்க்க வேண்டும். பாலியூரித்தேன் புஷ் என்றால் அதற்குரிய கிரீஸ் இல்லாமல் கீச்சிடும்.

என் மருமான் கம்பியைக் கழற்றிவிடவில்லை. மென்மையான துளைக்கு மாற்றினான். நான்கு டயர் வாங்கப் பணம் கைவசமில்லை என்றபோது, இரண்டு வாங்கிப் பின்பக்கம் போடச் சொன்னேன். இழுக்கும் சக்கரம் முன்னால்தானே என்று கடைப் பையன்கூட வாதாடினானாம். ஜூலையில் ஒரு ஞாயிறு மழைக்கு நடுவே, இம்முறை தனியாக, அதே தாம்ஹினி பாதையில் நிதானமாகப் போய்வந்துவிட்டு எனக்குப் போன் செய்தான். "முன்னே போல் வெடுக்கென்று திரும்பவில்லை மாமா" என்றான். குரலில் கொஞ்சம் ஏமாற்றம் இருந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை.